மாமா சாயத்தண்ணியை விட்ட கதை

பெரிய மாமா குடித்துக் குடித்தே செத்தார் என்று மலையகத்துப் பல்லேபொலப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் செத்தது 1986ஆம் ஆண்டில். அப்போது எனக்குப் பத்து வயது. சாராயத்தை அவர் நாக்கில்கூட வைத்ததில்லை. தீபாவளிக்கு எங்கள் லயத்து வீட்டு வரிசையே தள்ளாடும்போது, விழுந்தவர்களைத் தூக்கி வந்து அவரவர் காம்பரா அறையில் படுக்க வைக்கும் ஒரே ஆள் அவர்தான். இதை எழுதுவதற்கு எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

மாமா அம்மாவுக்கு மூத்தவர். மிளகும் கொக்கோவும் போட்ட தோட்டமொன்றில் வேலை. அந்த ஆண்டு தைப்பொங்கல் கழிந்து அவருக்குக் கண் மஞ்சளானது. பிறகு கால் வீங்கியது, பிறகு வயிறு. பச்சிலை அரைத்துக் குடித்துப் பார்த்தார். கையில் சூடும் போட்டுக்கொண்டார். வயிறு பானை மாதிரி ஆனதும் அத்தைதான் பிடிவாதமாகப் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அந்த வைத்தியர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது.

இருவரும் திரும்பி வந்தபோது நானும் அம்மாவும் அங்கேதான் இருந்தோம். மாமாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

“நல்ல டாக்டரு மாத்தயா. திட்டினாலும் நல்லா விசாரிச்சாரு. சாயத்தண்ணிய மட்டும் விட்டுரணுமாம். விட்டா ஈரல் தானா சரியாயிருமாம்.”

அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. “சாயத்தண்ணியால ஈரல் கெடுமாண்ணே?”

“படிச்ச மனுசன் சும்மா சொல்லுவாரா?”

அன்றோடு மாமா சாயத்தண்ணியை விட்டார். மலையகத்தில் பிறந்த ஒருவர் பாலில்லாத அந்தத் தேநீரை விடுவதென்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. விடியற்காலையில் எழுந்து வெறும் வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு, எதையோ பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஆசை வரக்கூடாதென்று அத்தை தேயிலைத் தூள் டின்னை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதன்பிறகு மாமா வீட்டில் யாருமே சாயத்தண்ணி குடிக்கவில்லை.

நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கும் சாயத்தண்ணி கிடைக்கவில்லை. அது லயத்தில் பெரிய மரியாதைக் குறைவு. பக்கத்துக் காம்பராக்காரம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

“டாக்டரு என்னதான் சொன்னாரு, தங்கச்சி?”

“குடிக்கிறத நிறுத்தணும்னாருக்கா. நிறுத்தினாத்தான் பொழைப்பாராம்.”

“ஓ... அப்படியா சங்கதி!”

அத்தை சொன்னது ஒன்று, அந்த அம்மா எடுத்துக்கொண்டு போனது வேறொன்று. மறுநாளுக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. யோக்கியன் மாதிரி திரிந்தவன் திருட்டுத்தனமாகக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டான்!

சிக்கலை அவிழ்த்தவர் அப்பா. அவருக்கு டவுனில் புடைவைக் கடையில் வேலை. சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கிழமை முடிவில் மாமாவைப் பார்க்க வந்தவர், வெந்நீரைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்.

“மச்சான், அவரு கேட்டத அப்படியே சொல்லுங்க பாப்போம். சிங்களத்துலேயே சொல்லுங்க.”

“‘பொனவாத?’ன்னு கேட்டாரு மாப்ள. ‘ஔ மாத்தயா, பொனவா’ன்னேன். ஆமாங்க, குடிக்கிறேன்னு.”

“அப்புறம்?”

“‘ஹெமதாம?’ன்னாரு. தெனமும் குடிக்கிறியான்னுதானே? ‘உதேட்டத், ஹவஸட்டத்’னேன். காலையிலயும் சாயந்தரமும். பொய் சொல்லலாமா?”

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ மச்சான்! அவரு சாராயத்தையில்ல கேட்டிருக்காரு!”

மாமா சிரிக்கத் தொடங்கினார். வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அதானே பாத்தேன்! சாயத்தண்ணிக்கு எதுக்கு அந்த மனுசன் அந்தத் திட்டுத் திட்டினாருன்னு! ஏ புள்ள, அடுப்பப் பத்த வையி!”

எல்லாம் முடிந்துவிட்டதென்றுதான் நினைத்தோம். அந்தக் கேள்வியில் மாமா தடுக்கி விழுந்ததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சிங்களத்தில் பொனவா என்றால் குடிப்பது, எதைக் குடித்தாலும். மாமாவின் சிங்களம் சந்தையில் பொறுக்கியது. போதாததற்கு, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, யாராவது அதட்டிச் சிங்களத்தில் கேட்டால் முதலில் ஆமென்று சொல்லிவிடுவது எங்கள் ஆட்கள் பலருக்குப் பழகிப் போயிருந்தது. என்ன கேட்டார்கள் என்று யோசிப்பது அப்புறம்தான்.

அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு மாமாவோடு அதே வைத்தியரிடம் போனார். நல்ல சிங்களத்தில், பணிவாக, நடந்ததை விளக்கினார். வைத்தியர் பக்கத்திலிருந்த தாதியைப் பார்த்துச் சிரித்தாராம். இந்தத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் தேநீர் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொள்கிறார்களே, எங்கே நடக்கும் இந்த அதிசயம் என்றாராம். முதலில் ஒத்துக்கொண்டவன் இப்போது மச்சினனைக் கூட்டிவந்து மறுக்கிறான். நிறுத்தாமல் இங்கே வந்து பிரயோசனமில்லை என்று அனுப்பிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

இதற்குப் பிறகு நோய் செய்த காரியம்தான் கொடுமை. மாமாவின் கைகள் நடுங்கத் தொடங்கின. நாக்குக் குழறியது. பகலெல்லாம் தூங்கினார். நடந்தால் கால் பின்னியது. என்னைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இனி என்ன சாட்சி வேண்டும்?

சித்திரை விடுமுறையில் ஒருநாள், கலேவெலவில் ஒரு வைத்தியர் நன்றாகப் பார்ப்பார் என்று யாரோ சொல்லி, அத்தை மாமாவைப் பஸ்ஸில் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். மாமா கம்பியைப் பிடிக்க முடியாமல் முன்னால் நின்ற ஒருவர் மேல் சாய்ந்துவிட்டார். கொண்டக்டர் மணியை அடித்தார்.

“பீலானே! பஹின்ன, பஹின்ன!” குடித்திருக்கிறான், இறங்கு என்று.

“பீலா நெஹே! அசனீப!” அத்தைக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். குடிக்கவில்லை, நோய் என்று. அதையே திரும்பத் திரும்பக் கத்தினார். பிறகு தமிழில் தொடங்கிவிட்டார். “ஒன் அப்பன் குடிச்சிருப்பான்டா! எம் புருசன் பச்சத்தண்ணியத் தவிர ஒண்ணும் தொடல! மோந்து பாரு, வந்து மோந்து பாரு!”

பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் தோட்டத்து ஆட்களே இரண்டு பேர் பின்னால் இருந்தார்கள். ஒருவரும் எங்களுக்காகப் பேசவில்லை. ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில், “எறக்கிக் கூட்டிட்டுப் போ தங்கச்சி, மானம் போவுது” என்றார். இறங்கினோம். கலேவெலவுக்குப் போகவே இல்லை. வைகாசியில் மாமா போய்ச் சேர்ந்தார்.

2004இல் அம்மாவுக்குச் சோர்வு வந்து வேறோர் ஊரில் காட்டியபோது ஓர் இளம் வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈரல் அழற்சி ‘பி’ வகைக் கிருமி இருந்தது. கூடப் பிறந்தவர்களைப் பற்றி விசாரித்தார். மாமாவின் கதையைச் சொன்னோம். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். மாமாவை இனிச் சோதிக்க முடியாது, ஆனால் இதே கிருமியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பெரும்பாலும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடுமாம். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைத் தழும்பாக்குமாம். ஈரல் சுருங்கிக் கெட்டியாகிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தால் வயிற்றில் நீர் கோக்கும், இரத்தத்தின் கசடு மூளைக்கு ஏறிக் கை நடுங்கும், பேச்சுக் குழறும். மூச்சிலேகூட இனித்துப் புளித்த ஒரு வாடை வருமாம். தெரியாதவர்கள் குடித்திருக்கிறார் என்றே நினைப்பார்களாம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவருக்கும் இவ்வளவும் வரும்.

1986இல் அந்த ஆஸ்பத்திரியில் இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க வசதி இல்லாமலிருந்திருக்கலாம். கண்டுபிடித்திருந்தாலும் கொடுக்க மருந்து இருந்திராது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘எதைக் குடிக்கிறாய்?’ என்று இன்னொரு கேள்வி கேட்பதற்கு எந்த வசதியும் தேவையில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மாமா செத்திருப்பார்தான். மாமாவாகச் செத்திருப்பார்.

பதினாறாம் நாள் கருமாதி. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைப்பது வழக்கம். அத்தை மரவள்ளிக் கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். மாமாவோடு மிளகு பறித்த கூட்டாளி ஒருவர், மாமா படுத்த நாளிலிருந்து தண்ணீர் சுமந்து உதவியவர், மடியிலிருந்து சாராயக் கால் போத்தல் ஒன்றை எடுத்து இலையோரம் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“பாவம், ஒளிச்சி ஒளிச்சிக் குடிச்ச மனுசன். இன்னிக்காச்சும் நிம்மதியாக் குடிக்கட்டும்.”

அப்பா பாய்ந்தார். “எடுய்யா அத! யாருக்கு எதக் கொண்டாந்து வைக்கிறது?”

பஸ்ஸில் கத்திய அத்தை இப்போது என்ன செய்யப் போகிறார் என்று நான் ஆவலாகப் பார்த்தேன். போத்தல் சுவரில் பட்டு உடையும் என்று காதைப் பொத்திக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அத்தை தலை நிமிராமல், “இருக்கட்டும் அண்ணே” என்றார். போத்தல் படையல் முடியும்வரை அங்கேயே இருந்தது.

எனக்கு அத்தைமேல் வந்த கோபம் பல நாள் ஆறவில்லை.

மாமா சாவதற்குச் சில நாள் முன்பு, பள்ளிக்கூடம் விட்டு அங்கே போயிருந்தேன். பிற்பகல். மாமா பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் மண்டியிட்டு, அவர் வாய்க்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு எழுந்து, பாயைத் தூக்கிப் பார்த்தார். தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். அலுமாரிக்குப் பின்னால் பார்த்தார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போய், முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாமாவுக்கு மூச்சு வருகிறதா என்று அத்தை பார்த்தாரென்று வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமாவின் நெஞ்சு ஏறி இறங்குவது வாசலில் நின்ற எனக்கே தெரிந்ததே, அதைப் பார்க்க அத்தை ஏன் அவ்வளவு கிட்டக் குனிய வேண்டும் என்று மட்டும் அப்போது எனக்கு விளங்கவில்லை.