முந்நூறு மீட்டருக்கு அங்காலை

வேட்டைத் துவக்கு விற்பது பெரிய வேலையில்லை. வாங்கியவர் முதன்முதலாகப் படுத்துக் குறிபார்க்கும்போது அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருப்பதுதான் வேலை. கார் ஓட்டப் பழக்கியவர்கள், பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கியவர்கள், அம்மாவுக்குக் கைத்தொலைபேசி பழக்கியவர்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் தெரிந்திருக்கும். என்னிடம் பழக வருகிறவர்களின் கையில் ரவை ஏற்றிய துவக்கு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில், அடுக்குமாடியில் வளர்ந்தவள். பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியோடு விளையாட்டாகச் சூட்டுக் கழகத்துக்குப் போய் அதிலேயே நின்றுவிட்டேன். இப்போது அதே நகரத்தில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் வேலை. முதலாளி ஸ்டைனார் துவக்கை விற்பார். வாங்கியவரை நகரத்துக்கு வெளியே காட்டுக்குள் இருக்கிற சூட்டுத் திடலுக்குக் கூட்டிப்போய், முதலில் நூறு மீட்டரிலும் பிறகு முந்நூறிலும் சுடப் பழக்குவது என் பொறுப்பு. கோயிலில் யாராவது விசாரித்தால் அம்மா, மகள் கடையில் நிற்கிறாள் என்று சொல்லுவார். என்ன கடை என்று இதுவரை சொன்னதில்லை.

வெடிக்காத துவக்கு

தனியே பழக்கப் போன முதல் நாள் வந்தவர் எரிக். வேட்டைப் பரீட்சை எழுதி, பொலிஸ் அனுமதி எடுத்து, எல்லாம் முறைப்படி செய்தவர். பாலர் பாடசாலை ஆசிரியர், குரலே உயராது. எங்களுக்கு இடப்பக்கம் இன்னும் மூன்று பேர் படுத்திருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். எரிக் குறிபார்த்து, மூச்சை விட்டு, விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். பிறகு என்ன பிரச்சினை என்று, சற்றுப் பின்னால் முழங்காலில் இருந்த என்னிடம் கேட்பதற்காக எழும்பி இடப்பக்கமாகத் திரும்பினார், துவக்கோடு, விரலையும் விசையிலிருந்து எடுக்காமல்.

குழல் அந்த மூன்று பேரையும் கடந்து என் நெஞ்சுக்கு வந்தது. கத்தினால் ஆள் திடுக்கிடும், திடுக்கிட்டால் விரல் இறுகும். அதனால் வாய் திறக்காமல் குழலைப் பிடித்து, இலக்குப் பக்கம் திருப்பி, மண்ணோடு அமத்தினேன். பூட்டைத் திறந்தபோது ரவை வெளியே விழுந்து விரிப்பில் உருண்டது. பாதுகாப்பு விசையைத் தள்ள மறந்திருந்தார், அதுதான் வெடிக்கவில்லை. ரவை விழுந்த பிறகும் நான் குழலை மண்ணோடு அமத்திக்கொண்டே இருந்தேன். அதைப் பார்த்து அவர் பாலர் வகுப்புக் குரலில் எனக்குத் தைரியம் சொன்னார்.

“பயப்பிடாதையுங்கோ. இது பழுது, சுடாது.”

சிக்ரிட் பார்த்த புள்ளி

சிக்ரிட்டுக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் இறந்த பிறகு அவருடைய துவக்கை விற்கச் சொல்லிப் பிள்ளைகள் நெருக்கினார்கள். அவரோ கணவரின் குழுவோடு தானே எல்க் மான் வேட்டைக்குப் போவதென்று முடிவெடுத்து, எங்களிடம் பழக வந்தார். நூறு மீட்டரில் நன்றாகவே சுட்டார். இது நடந்தது முந்நூறுக்கு மாறிய நாளில். சூடு நடக்கிறது என்று சிவப்புக் கொடி ஏற்றியிருந்தோம், வேலியில் எச்சரிக்கைப் பலகை இருந்தது, திடலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை.

அவர் மூச்சை விட்டுவிட்டார், விரல் விசையில் இருந்தது. அந்த நேரம் இலக்குக்குக் கொஞ்சம் பின்னால், புதருக்குள்ளே, நீலமாக ஏதோ அசைந்தது. ஒரு வாளி. அதை ஒரு கை பிடித்திருந்தது. காட்டுப் பெர்ரிப் பழம் பிடுங்க வந்த மனிதர் ஒருவர் வேலியைத் தாண்டி, குனிந்தபடி, பழம் போன திசையில் வந்துகொண்டிருந்தார். சிக்ரிட்டின் காதில் சத்தம் மறைக்கும் மூடி. கத்த எனக்குத் துணிவு வரவில்லை. பக்கத்திலிருந்து கையை நீட்டி, துவக்கின் மேலிருந்த தொலைநோக்கியின் முன் கண்ணாடியை உள்ளங்கையால் பொத்தினேன். அவருக்கு உலகமே இருண்டிருக்கும். விரல் தானாகவே வெளியே வந்தது.

பூட்டைத் திறந்து ரவையை எடுத்த பிறகுதான் கையைக் காட்டிக் கத்தினேன். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து, எனக்கும் கை காட்டினார். சிக்ரிட் வெறுங்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைநோக்கி தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும், ஆனால் சுற்றிவர இருக்கிற எல்லாவற்றையும் வெட்டிவிடும் என்று வகுப்பில் நான் சொல்லித்தான் இருக்கிறேன். அன்றைக்கு அவர் பிறகு சுடவில்லை. துவக்கைப் பையில் வைத்து மூடும்போது மெதுவாகச் சொன்னார்.

“நான் ஆளைக் காணவே இல்லை. அந்தக் கறுப்புப் புள்ளியை மட்டும்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

ஒரு சொல், இரண்டு கருத்து

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் எஞ்சினியர். தமிழ் பேசுகிற ஆள் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டு, சந்தோஷமாக வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். காற்றை அளக்க ஒரு கருவி, தூரத்தை அளக்க ஒரு கருவி, கணக்குப் போட ஒரு செயலி என்று வந்தவர், சொல்வதைக் கேட்டு நடந்தார். நான் “ஆறுதலா இழுங்கோ” என்றால் மட்டும், யாருக்கு ஆறுதல் என்று சிரிப்பார். எங்கள் ஆறுதல் என்றால் அவர்களுக்கு ‘மெதுவாக’ என்று விளக்கினேன். அதோடு மொழிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் படுத்தபடி தயாரானபோது, தொலைநோக்கி அவருடைய கண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படிச் சுட்டால் துவக்கு பின்னால் உதைக்கும்போது விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். துவக்கு கண்ணுக்குக் கிட்ட இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். காதுமூடிக்கு மேலாகக் கேட்கவேண்டுமென்று முதற்சொல்லை உரக்கச் சொன்னேன்: “துவக்கு!” மிச்சம் வாயிலேயே நின்றுவிட்டது. வெடி காடெல்லாம் எதிரொலித்தது.

ரத்தம் மூக்கோரமாக இறங்கிச் சட்டையில் சொட்டியது. குழல் திடலைப் பார்த்தபடியே இருந்ததுதான் அன்றைய அதிர்ஷ்டம். நான் பஞ்சை அமத்திப் பிடித்துக்கொண்டு, கட்டளை சொல்ல முதல் ஏன் சுட்டீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை, குழப்பம்தான்.

“நீங்கதானே ‘துவக்கு’ன்னு சொன்னீங்க? ஆரம்பிச்சுட்டேன்.”

அன்று முதல் கட்டளைகள் மட்டும் நோர்வேஜிய மொழியில்.

கல்லுக்குப் பின்னால்

கார்த்திக்கின் புருவம் ஆறி, முந்நூறு மீட்டரில் அவருடைய சன்னங்கள் ஒரு தேநீர்ச் சோசர் அளவான வட்டத்துக்குள் விழத் தொடங்கின. அந்த இலையுதிர் காலத்தில் மலையில் ரெயின்டியர் மான் ஒன்று சுட அவருக்கு அனுமதி கிடைத்தது. ஸ்டைனாரையும் என்னையும் துணைக்குக் கேட்டார். கடதாசி இலக்கில் ஆயிரக்கணக்கில் சுட்ட நானும் அதுவரை உயிருள்ள ஒன்று சுடப்படுவதைப் பார்த்ததில்லை.

மதியத்துக்குப் பிறகு பனிப்புகார் விலகியபோது எதிர்ச் சரிவில் மான் கூட்டம் தெரிந்தது. இன்னும் கிட்டப் போகவேண்டும் என்றார் ஸ்டைனார். தவழ்ந்தோம். இடையில் வெட்டவெளி வந்துவிட்டது. அதற்கு மேல் மறைவில்லை. தூரம் கார்த்திக் திடலில் பழகிய தூரம்தான். ஒரு மான் தனியே, பக்கவாட்டாக நின்றது. ஸ்டைனார் தலையசைத்தார். கார்த்திக் சுட்டார். நாங்கள் படுத்திருந்த இடத்தில் புல்கூட அசையவில்லை. நடுவே இருந்த பள்ளத்தில் காற்று அடித்துச் சன்னத்தைத் தள்ளியிருக்கவேண்டும். மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடிக் கூட்டத்துக்குள் புகுந்தது. வயிற்றில் பட்டிருந்தது.

அதை விடாதே, கண்ணை எடுக்காதே என்றார் ஸ்டைனார். பெரிய தொலைநோக்கி என்னிடம்தான் இருந்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே கொம்பு, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு ஓடின. நான் தவறவிட்டால் அது எங்கேயோ கிடந்து, வலியோடு, நாள்கணக்கில் சாகும். கண்ணீர் வடிந்தது, இமைக்கவில்லை. கடைசியில் ஒன்று பின்தங்கியது. தள்ளாடிப் போய் ஒரு கல்லுக்குப் பின்னால் படுத்தது.

உடனே போனால் எழும்பி ஓடும், காத்திருக்கவேண்டும் என்றார் ஸ்டைனார். காத்திருந்தோம். கார்த்திக் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கல்லையே பார்த்தார். பிறகு காற்றுக்கு எதிராகச் சுற்றிப் போனோம். அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. ஸ்டைனார் தானே முடித்துவிடவா என்று கேட்டார். கார்த்திக் வேண்டாமென்று தலையாட்டி, முழங்காலில் இருந்து, கிட்டத்தில் வைத்துச் சுட்டார். தலை சாய்ந்தது.

அவர் துவக்கை வெறுமையாக்கி எனக்குக் காட்டினார், திடலில் பழக்கியது போலவே. பிறகு மானுக்குப் பக்கத்தில் குந்தி அதன் கழுத்தில் கையை வைத்தார். அவருடைய கை அந்த மயிருக்குள் மறைந்துபோனது. கையை எடுக்காமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அங்கேருந்து பாக்கும்போது இவ்ளோ பெருசா தெரியலைங்க.”

இந்தத் தொழிலில் நல்ல நாளைப் பற்றி எழுத ஒன்றுமே இராது; நீங்கள் வாசித்ததெல்லாம் மற்ற நாள்கள்.