கல்யாணக் குதிரை ஓடிய பந்தயம்

இரண்டு வருடங்களுக்கு முன், காணும் பொங்கல் அன்று நடந்தது இது. புதுச்சேரியில் அன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் குறைவு. நாங்களும் புளிசாதம், அவித்த வேர்க்கடலை, பழைய போர்வை ஒன்று எல்லாம் எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையத்திலிருந்து காலை ஒன்பது மணிக்கே வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டோம். நான், என் கணவர், எட்டு வயது மகள்.

அப்போது நான் ஒரு பத்திரிகையில் உள்ளூர் நிருபர். பண்டிகை நாளில் விடுப்பு கிடைப்பது அபூர்வம். அன்று எதையும் கவனிப்பதில்லை என்ற முடிவோடுதான் போயிருந்தேன். ஆனால் அலைகளுக்கு நடுவே, முழங்கால் அளவு தண்ணீரில், ஒரு வெள்ளைக் குதிரை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒல்லியான மனிதர், கயிற்றைப் பிடித்தபடி அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

மகள் சவாரி போக வேண்டும் என்றாள். கேட்டோம்.

"இன்னைக்கு சவாரி இல்ல பாப்பா. ராஜாவுக்கு சாயந்திரம் பந்தயம் இருக்கு. அதான் உப்புத் தண்ணில கால ஊற வச்சிருக்கேன்" என்றார் அவர்.

"தோத்துட்டா?" என்றாள் மகள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான் கேள்வி வரும்.

அவர் சிரித்தார். ஆனால் பதிலை என்னிடம் சொன்னார். நெல்லித்தோப்பில் வீடு. கல்யாணங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது தொழில். குதிரை கட்டியிருக்கும் கொட்டகை அவருடைய மனைவியின் அண்ணனுக்குச் சொந்தம். மச்சானுக்குக் கட்டில், பீரோ செய்யும் பட்டறை. சரக்கு வைக்க இடம் போதவில்லை, கொட்டகை வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறார். கடைசியில் வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பேச்சு முடிவானது. காணும் பொங்கல் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் குதிரை கொட்டகையில் இருக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் விற்றுவிட வேண்டும்.

"கல்யாணக் குதிரை பந்தயத்தில் ஓடுமா?" என்று என் கணவர் கேட்டார்.

"நல்லா கேட்டீங்க சார். மூணு மாசமா விடியக்காலைல இந்த மணல்லதான் ஓடுது. நீங்களே வந்து பாருங்களேன்."

அதனால்தான் மாலை நாலரை மணிக்கு, உடம்பெல்லாம் மணலோடு, வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தின் ஏரிக்கரை ஓரம் நின்றோம். ஊர் இளைஞர்கள் நடத்தும் பந்தயம். நேரான மண் பாதை, இரண்டு பக்கமும் கயிறு, எல்லைக் கோட்டருகே ஒரு சிறிய பந்தல். பந்தலில் பரிசுக் கோப்பைகள், ஒலிபெருக்கி, ஒரு பேண்டு செட். விழாக் குழுவில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பிரஸ்ஸா? வாங்க மேடம்" என்று கூப்பிட்டு, கோட்டுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். விடுப்பில் வந்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. இடம் நன்றாக இருந்தது.

மொத்தம் ஏழு குதிரைகள். வெள்ளைக் குதிரையின் மேல் அவரேதான் ஏறியிருந்தார். கொடி இறங்கியதும் தூரத்தில் புழுதிதான் தெரிந்தது. பிறகு புழுதிக்குள்ளிருந்து ஒரு செம்பழுப்புக் குதிரை வந்தது. அதை ஒட்டியே வெள்ளை. மூன்றாவது குதிரை நன்றாகப் பின்தங்கியிருந்தது. என் மகள் நாற்காலி மேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்தாள்.

பதினைந்து வருடம் செய்தி எழுதியவள் நான். நிருபர் ஓரமாக நிற்க வேண்டும், கை நீட்டக் கூடாது என்று புதிதாக வருபவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அன்று எனக்கு என்ன ஆனதோ, பேண்டு மாஸ்டரைத் திரும்பிப் பார்த்து, "வாசிங்க! அந்த வெள்ளைக் குதிரைக்கு நல்லா வாசிங்க!" என்றேன்.

"இப்பவேவா மேடம்?" என்றார் அவர். பரிசு கொடுக்கும்போது வாசிக்கத்தான் அவர்களை அழைத்திருந்தார்கள்.

"இப்பவேதான்" என்று கையையும் ஆட்டினேன். விழாக் குழு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால், குழுவின் உத்தரவு என்றே அவர் நினைத்துக்கொண்டார். டிரம்பெட்டும் டிரம்மும் ஒன்றாகக் கிளம்பின.

கோட்டுக்கு இன்னும் நூறு அடி இருக்கும். வெள்ளைக் குதிரையின் காதுகள் முன்னால் திரும்பின. ஓட்டம் நடையாயிற்று, நடை நின்றுபோயிற்று. கழுத்தை வளைத்து, வலது முன்னங்காலைத் தூக்கி வைத்தது. அடுத்து இடது. டிரம் அடிக்குத் தப்பாமல் ஆட ஆரம்பித்துவிட்டது.

"ராஜா, ஓடுடா! டேய், கல்யாணம் இல்லடா, ஓடுடா!" அவர் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

ஐந்து குதிரைகள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டிப் போயின. கூட்டம் வெடித்தது. சிரிப்பு, விசில், கைத்தட்டல். உற்சாகத்தில் பேண்டுக்காரர்கள் இன்னும் ஓங்கி வாசித்தார்கள். நிறுத்தச் சொல்லி நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கெஞ்சிப் பார்த்த அவர் கடைசியில் லகானைத் தளர்த்திவிட்டு மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் சலாம் வைத்துக்கொண்டே வந்தார். அந்த நூறு அடியைக் கடக்க இரண்டு நிமிடம் ஆனது. ஏழாவது இடம்.

அவர் இறங்கியதும் ஓடிப்போய்ச் சொன்னேன். "பேண்டு வாசிக்கச் சொன்னது நான்தான்."

வியர்வையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "நாலு வருஷம் பாடுபட்டுப் பழக்குனது மேடம். பேண்டு கேட்டா நின்னு ஆடணும், கூட்டத்துல மிரண்டு ஓடக் கூடாதுன்னு. சொல்லிக் குடுத்தத அது மறக்கல. அதப் போய் திட்ட முடியுமா?" என்று குதிரையின் கழுத்தைத் தட்டினார். என்னைத் திட்டலாம் என்பது அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

அதற்குள் மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். கனத்த மனிதர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அருகில் வந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"எத்தனாவது மாப்ள?"

"கடைசி மச்சான்."

நான் குறுக்கே புகுந்தேன். தப்பு என்னுடையது, இரண்டாவதாக வந்துகொண்டிருந்த குதிரை, நானே பார்த்தேன் என்றெல்லாம் சொன்னேன். யார் நீங்கள் என்று கேட்டார். பத்திரிகை என்றேன்.

"அப்டின்னா ஒரு உதவி பண்ணுங்க மேடம். எங்க குதிரை கடைசின்னு பேப்பர்ல போட்டுடாதீங்க."

பிறகு குதிரையைச் சுற்றி ஒரு முறை நடந்தார், மரம் வாங்குபவர் மரத்தைப் பார்ப்பது போல. "இன்னா ஆட்டம் ஆடுது! இத்தன நாளா நம்ம கொட்டகைல நின்னுச்சு, ஒரு நாள் கூட நான் பார்த்ததில்ல" என்றார். "பேச்சுன்னா பேச்சுதான். வித்துதான் ஆகணும். ஆனா எம்பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ளை இதுலதான் வரணும். அது முடியட்டும், அப்புறம் வித்துடலாம். அதுவரைக்கும் கட்டிலயெல்லாம் மாடில போட்டுக்கறேன்."

ஒல்லி மனிதர் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தேதியைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் போகவில்லை. "கல்யாணம் எப்போ?" என்று கேட்டேன்.

"இன்னும் முடிவாகல மேடம்" என்றார் மச்சான், முகத்தை மாற்றாமல். "பொண்ணு இப்பதான் ஆறாவது படிக்கிறா."

அன்று நான் செய்தி எதுவும் அனுப்பவில்லை. ஆர்வத்தில் கையை ஆட்டி ஒரு மனிதரின் மூன்று மாத உழைப்பைக் கெடுத்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடமாவது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வரும்போது, சொன்ன சொல்லும் மாறாமல், எதிரில் நிற்பவரையும் தலைகுனிய விடாமல் அதைச் செய்ய முடியும் என்று எனக்குக் காட்டியவர் அந்தப் பட்டறைக்காரர்தான்.