தண்ணீர் அடிக்காத நாலு விரல் இடம்

காந்திமதிநாதனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. பேட்டையில் என் டிங்கர் ஷெட்டுக்கு அடுத்த ஷெட் அவருடையது. வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒரு காலத்தில் நஞ்சை வைத்திருந்த சைவக் குடும்பம். இவர் காலத்துக்கு மிஞ்சியது நெற்றி நிறையத் திருநீறும் ரோஷமும்தான்.

ஸ்டிக்கர் ஒட்டுவது என்றால் பிள்ளைகள் நோட்டில் லேபிள் ஒட்டுகிற மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். தகரம் சுட்டால் பசை பட்ட இடத்தில் கவ்விக்கொள்ளும், பிறகு அசைக்க முடியாது. சோப்புத் தண்ணீர் அடித்து, ஷீட்டைப் பைய இறக்கி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் அந்தத் தண்ணீர் காயாமல் உள்ளேயே கிடந்து ஓரத்தைத் தூக்கும். அதனால் மழை ஈரமில்லாத நாளாகப் பார்த்து, தகரம் சூடேறுமுன், விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துவிடுவார். பிறகு வருகிற வண்டிகளை ‘நாளைக்கு வாரும்’ என்று திருப்பி அனுப்புவார். அந்தத் திமிரால் பாதி வேலை போயிற்று.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் சுத்தமாக வேலை இல்லை. திருப்பூரில் தன் தம்பி வீட்டோடு போய்விடலாம் என்று மனைவி ஞானம்பாள் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சினன் வீட்டுச் சோத்தைத் திங்கதுக்கு இங்கனயே கிடந்து சாவுதேன் வே” என்றார் என்னிடம்.

அப்போதுதான் மசாலாப்பொடி கம்பெனி கார்த்திகேசன் வந்தார். வேனின் இரண்டு பக்கமும் முழுக்கச் சிவப்பு ஷீட். இது நன்றாக நின்றால் இன்னும் ஆறு வண்டி. ஆனால் ஜோசியர் குறித்த நேரம் மத்தியானம் ஒன்றரை!

எல்லோரையும் திருப்பி அனுப்புகிற மனுஷன் இவருக்குத் தலையாட்டிவிட்டார்.

முந்தின ராத்திரி கோடை மழை. காலையிலிருந்து வெயில் பொசுக்கியது, தரையிலிருந்து ஆவி எழும்பியது. காந்திமதிநாதன் ஈரச் சாக்கைப் போட்டுப் போட்டுத் தகரத்தின் சூட்டைத் தணித்தார். வியர்வை பசையில் சொட்டாமலிருக்க நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டார். ஒன்றரைக்குக் கார்த்திகேசனின் மனைவி விஜயஸ்ரீ சூடம் காட்டிவிட்டு, டிரைவர் கதவையொட்டிச் சரியாக ஷீட்டின் முன்ஓரம் வருகிற இடத்தில், திருநீற்றைக் குழைத்து மூன்று கோடு இழுத்தாள். சுட்ட தகரத்தில் அது நொடியில் இறுகிவிட்டது.

அவர்கள் கிளம்பியதும் நான் துணியோடு போனேன். “நீரு தொட வேண்டாம் வே. நான் துடைச்சுருதேன். நான் வேதக்காரன், கோயிலுன்னா சர்ச்சுக்குப் போறவன், எனக்கு ஒரு பாவமும் வராது.”

என் கையைப் பிடித்துக்கொண்டார். “தேவதாசன், அந்தம்மா மனசார இட்டது. விட்டுரும்.”

“இது மேல பசை நிக்காதுன்னு உமக்குத் தெரியாதா ஓய்?”

வண்டி முழுக்கத் தண்ணீர் அடித்தார், அந்த நாலு விரல் இடத்தைத் தவிர. திருநீறு கரைந்து காலடியில் ஓடிவிடக் கூடாதாம்! அங்கே உலர்ந்தபடியே ஷீட்டை அழுத்தினார்.

நாலாம் நாள் ராதாபுரம் லைன் போய்விட்டு வேன் வந்து நின்றது. கதவோரத்தில் தூக்கி, காற்றுப் புகுந்து, ஷீட் பாதி வண்டிக்குக் கிழிந்து தொங்கியது. கார்த்திகேசன் கத்தினார். “ஒட்டத் தெரியலைன்னா முதல்லயே சொல்லித் தொலைக்கதுக்கென்ன?”

நான் வாயைத் திறந்தேன். காந்திமதிநாதன் என்னை முறைத்தார். “என் கைப்பிழைதான் அண்ணாச்சி” என்றார்.

மிச்சத்தை அவரே உரித்தார். பசைப் பக்கத்தில் மூன்று கோடும் கலையாமல் வந்திருந்தன. விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன். அழுகையும் வந்தது.

“திருப்பூருக்கு ஒரு போன் போடணும் வே. நீரே பேசும். எனக்கு வாய் வராது.”

எஸ்.டி.டி. பூத்தில் நான்தான் பேசினேன். அவரும் ஞானம்பாளும் அங்கேயே வந்துவிடுவதாகச் சொன்னேன். மச்சினன் நல்ல பையன்தான், சந்தோஷப்பட்டான். “அத்தான் எங்க? அவங்கட்ட கொடுங்க” என்றான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், காந்திமதிநாதன் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“வேலையா இருக்காவ தம்பி” என்றேன்.