ஐந்து ஸ்பீக்கரும் ஒரு கல்யாணக் கேசட்டும்

துபாயிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய கூட்டாளி ஒருவன், வீட்டில் வைக்க இடமில்லை என்று தன் ஹோம் தியேட்டர் ரிசீவரை என் தலையில் கட்டினான். கிரைண்டர் கல் கனம் இருந்தது. முன்னால் ஒரு பெரிய குமிழ், பின்னால் எண்ண முடியாத ஓட்டைகள். எங்கள் வீட்டில் அப்போது வீடியோ கேசட் ஓட்டும் டெக் ஒன்று, டிவிடி பிளேயர் ஒன்று, மொட்டைமாடி டிஷ் தட்டிலிருந்து சேனல் இறக்கும் பெட்டி ஒன்று இருந்தன. இதுவரை ஒன்றைப் பிடுங்கித்தான் இன்னொன்றைச் செருகுவோம். இனி எல்லா வயரும் ரிசீவருக்குப் போகும். ரிசீவரிலிருந்து படம் டிவிக்கு, சத்தம் ஐந்து ஸ்பீக்கருக்கு. எது வேண்டுமோ அந்தப் பக்கம் குமிழைத் திருப்பினால் போதும்.

கூட்டாளி இதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டுப் போனான். நான் புரிந்துகொள்ள ஐந்து நாள் ஆனது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களுக்கு நடுவே சிலந்தி மாதிரி கிடந்தேன். ஆறாம் நாள் எல்லாம் பாடின. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமைதான் டி. கல்லுப்பட்டி வரை போய் என் மாமியார் காதில் விழுந்தது.

மாமனார் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் படங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் ஆபீசில் நிற்பதுபோல விறைத்து நிற்பார். அவர் நடப்பதும் பேசுவதும் இருக்கும் ஒரே இடம் எங்கள் கல்யாணக் கேசட். அதற்கு வேறு பிரதி கிடையாது. இந்த ஒரு வருடமாக அதைப் போடலாம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. மாமியாரே போன் செய்து, "புதுசா என்னமோ பெட்டி வாங்கியிருக்கீகளாம்ல மாப்ள. அந்தக் கேசட்டை அதுல போட்டுக் காட்டுங்க. ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றார்.

வந்தார். காபி குடித்தார். டிவிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். என் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்தாள். நான் தியேட்டர் முதலாளி தோரணையில் கேசட்டை டெக்குக்குள் தள்ளி, பட்டனை அமுக்கினேன்.

திரையில் ஒரு பெண் வந்து, "இப்போ கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கிக்கலாம்" என்றாள். ஐந்து ஸ்பீக்கரிலும் சொன்னாள்.

கேசட்டை அழிப்பதில் எனக்கு முன்னனுபவம் உண்டு. கல்யாணமான மறு வருடம், என் மனைவியின் வளைகாப்பு கேசட்டின் மேல் ஒரு நாள் கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்த புண்ணியவான் நான். வளையல் போடுகிற கை நீண்டு வரும், அடுத்த நொடி ஒருவன் பந்தோடு ஓடி வருவான். அதற்கு நான் வாங்கிய ஏச்சு இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. இப்போது போன வாரம் ஞாபகத்துக்கு வந்தது. ரிசீவரைச் சோதிக்க, கைக்கு முதலில் வந்த இந்தக் கேசட்டைத்தான் போட்டிருந்தேன். எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று பார்க்க, டெக்கில் இருந்த அத்தனையையும் அமுக்கினேன். சிவப்புப் புள்ளி வைத்த பட்டனையும்.

ஆக, மாமனாரை அழித்து அந்த இடத்தில் கத்தரிக்காயைப் பதிந்துவிட்டேன்.

"இது யாரு, சமையக்காரப் பிள்ளையா?" என்றார் மாமியார், திரையை உற்றுப் பார்த்தபடி. "நம்ம கல்யாணத்துல கத்தரிக்காயா போட்டோம்?"

"ஆரம்பத்துல விளம்பரம் வரும் அத்தை" என்றேன். கல்யாணக் கேசட்டில் விளம்பரம்! அதைச் சொன்ன வாயால் வேறு எதுவும் சொல்லத் துணிவில்லாமல், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வாசலுக்கு நழுவினேன். அங்கே மீட்டர் பெட்டி இருந்தது. என் மூளை கொடுத்த ஒரே யோசனையை என் கை நிறைவேற்றியது. பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கைலி மடிப்பில் சொருகிக்கொண்டேன்.

கத்தரிக்காய் நின்றது. மின்விசிறி நின்றது.

"கரண்ட்டு போச்சு அத்தை!" என்றேன், உள்ளே வந்து. குரலில் சோகம் வரவழைத்திருந்தேன். "வர எம்புட்டு நேரமாகுமோ. நீங்க வேணா மத்தியானப் பஸ்சுல..."

"பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஓடுதே மாப்ள?"

ஓடியது. ஊருக்கே கேட்கும்படி ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வீட்டுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசுவார்கள், காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தமிழ். நல்ல மனிதர். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கலாம். "என்னண்ணே, உங்க வீட்டுல மட்டும் இல்லையா? இருங்க, டெஸ்டர் எடுத்துட்டு வாரேன்" என்று அவரே ஓடி வந்தார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், தானா வந்துரும்."

"தானா எப்பிடிண்ணே வரும்?" மீட்டர் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணே! பீஸ் கட்டையவே காணோம்! எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான்!"

"பட்டப்பகல்லயா?" என்று மாமியார் எழுந்து வந்தார். "இதையெல்லாமா திருடுவானுக?"

நான் திருடனை வைதேன். கொஞ்சம் அதிகமாகவே வைதேன் போல. என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு இடுப்பைப் பார்த்தாள். பீங்கான் கட்டை கைலிக்குள் முட்டை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. "கொஞ்சம் இங்க வாங்க" என்று சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

கட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "உங்கப்பாவை அழிச்சுட்டேன்" என்றேன்.

அவள் கத்தவில்லை. "சிவப்புப் பட்டனை அமுக்குனப்போ என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல. கேசட் வெளிய வந்துருச்சு. திரும்ப உள்ள தள்ளுனேன்."

"திரும்ப அமுக்குனீங்களா?"

"அமுக்குனேன். திரும்பவும் துப்பிருச்சு. அப்பறம் விட்டுட்டேன்."

அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "வளைகாப்பு கேசட்டை நீங்க நாசம் பண்ணுன மறுநாளே, கேசட் கடைக்காரர்கிட்டக் கேட்டு, கல்யாணக் கேசட்டு முதுகுல இருக்குற பிளாஸ்டிக் பல்லைக் கத்தியால நெம்பி உடைச்சுட்டேன். அந்தப் பல்லு இல்லாட்டி எந்த டெக்குலயும் அதுக்கு மேல பதிய முடியாது. வெளிய தள்ளிரும். உங்களுக்குப் பயந்துதான் உடைச்சேன்."

வாழ்க்கையில் என்மேல் ஒருவர் நம்பிக்கை வைக்காததற்காக நான் இம்புட்டு நன்றியோடு இருந்ததில்லை. அப்படியே அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ அந்தக் கத்தரிக்காய்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? பெட்டிய மாட்டுனது நீங்க."

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் திருடனைத் தேடிக்கொண்டிருந்தார். "வீட்டுலயே கெடந்துச்சு அண்ணே" என்று மனைவி கட்டையை நீட்டினாள். எங்கே கிடந்தது என்று சொல்லவில்லை. அந்த உபகாரத்தை நான் மறக்க மாட்டேன். அவர் மாட்டிக் கொடுத்தார், மின்விசிறி சுற்றியது, ரிசீவரில் விளக்கு எரிந்தது. குனிந்து பார்த்தேன். குமிழ், சேனல் பெட்டியின் பக்கமே திரும்பியிருந்தது. காலையில் செய்தி பார்த்துவிட்டு நான்தான் அப்படியே விட்டிருந்தேன். உள்ளே கேசட் அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. நாங்கள் வேறு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஐந்து நாள் படித்த பாடத்தில் முதல் வரியே அதுதான்.

கேசட்டைத் தொடக்கத்துக்குப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, குமிழை டெக்கின் பக்கம் திருப்பினேன்.

நாதஸ்வரமும் தவிலும் ஐந்து மூலைகளிலிருந்தும் பாய்ந்து வந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மண்டப வாசல், வாழைமரம், தலை நிறைய முடியோடு நான். அப்புறம் தோளில் துண்டோடு மாமனார், பந்தி நடக்கும் இடத்திலிருந்து வேகவேகமாக நடந்து வந்தார். முன்பெல்லாம் வெறும் டிவியில் பார்க்கும்போது அவர் வாய் மட்டும்தான் அசையும், மேளச் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடும். இப்போது கேட்டது. "ஏப்பா, அங்கிட்டுக் கடைசி எலைக்கு இன்னும் அப்பளம் வரலப்பா! யாரு பாக்குறது?"

மாமியார் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "அப்பளத்துக்கா இந்தக் கத்து கத்துனாரு!" என்றார். சிரிக்கிறாரா, மற்றதா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் மனைவி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் அவருக்கு அதிகமோ என்று நான் ரிசீவரின் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"ஒண்ணையும் தொடாதீக மாப்ள" என்றார் மாமியார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு கத்தட்டும்."

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.