படிக்காமல் சொன்ன சுவடி

அப்போது எனக்குக் கிரந்த எழுத்து படிக்கத் தெரியாது. அதைச் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த ஓலைச்சுவடியை ஆற்றுக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் செராமிக் பொம்மைச் சூளை வைத்திருப்பவர். தன் அப்பாவின் கருமாதி முடிந்ததும் மனைவியோடு சுவடியை எடுத்துக்கொண்டு வந்தார். "வருசா வருசம் எண்ணெ பூசி வச்சிருந்தாருங்க. என்னா எழுதியிருக்குதுன்னு அவருக்கே தெரியாது. நீங்க காலேஜுல தமிழ் நடத்துனவங்க, பாத்துச் சொல்லுங்க சார்."

முதல் ஓலையில் கிரந்தம். அடுத்தது தமிழ்தான், ஆனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. பொறுமையாக உட்கார்ந்திருந்தால் படித்திருக்கலாம். "சாருக்குத் தெரியாததா?" என்றார் அவர் மனைவி. யோசிப்பதுபோல் அந்த இரண்டு ஓலைகளையும் போனில் படமெடுத்தேன். பிறகு, "பழைய ஜாதகம். எல்லாம் செத்துப்போனவங்களோடது" என்றேன்.

செத்தவர் ஜாதகத்தை அவர்கள் வீட்டில் வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரமே மணிமுத்தாற்றில் விட்டுவிட்டார்கள். மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீ குடிக்கக் கிளம்பிப் பாதியில் திரும்புவேன். ஜங்ஷன் வரை போய், எந்த ரயிலிலும் ஏறாமல் வருவேன். கடைசியில் யூடியூப் பார்த்துக் கிரந்தம் கற்றுக்கொண்டு, போனிலிருந்த படங்களைப் பெரிதாக்கிப் படித்தேன். கிரந்த வரி பிள்ளையார் வணக்கம். தமிழ் ஓலை, மாட்டுக்குக் கோமாரி கண்டால் செய்யவேண்டிய வைத்தியம். ஓரத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. அவர்கள் வழியில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பெயர்; எழுதியவர் அவர் தாத்தாவுக்குத் தாத்தாவாக இருக்கலாம்.

சூளைக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெயரை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா, உங்க பென்ஷனையா சார் புடுங்கப் போறோம்?"

"வுடுங்க" என்றார் மனைவி. "ஆத்தோட போனத சாரு நீந்திப் போயா எடுத்தாருவாரு? வேப்பூர்ல உங்க அக்கா வூட்டுல இன்னொரு கட்டு இருக்குதில்ல?"

"கொண்டாங்க, ஒவ்வொரு ஓலையா படிச்சு எழுதித் தரேன். இப்ப நெசமாவே தெரியும்" என்றேன்.

"பாக்கலாங்க சார்."

சில நாள் கழித்து அவர் பைக்கில் கிளம்பியதைப் பார்த்தேன். டேங்க் மேல் துணிசுற்றிய கட்டு. நான் கேட் அருகே வந்ததும் வண்டியை நிறுத்தினார்.

"சிதம்பரத்துல ஓலை படிக்கிறவங்க ஒருத்தங்க இருக்காங்களாம். போயிட்டு வரேங்க சார்."