கேற்றில் கட்டிய நீலத்துணி

எங்கள் வீட்டு வாசல் கேற்றுக் கம்பிகளில் ஒரு நீலத்துணி கட்டியிருக்கிறது. கற்பிட்டிக் காற்றுக்கு ஓரமெல்லாம் நார்நாராகிவிட்டது. அதைக் கட்டியவர் பினாங்கு மாமி. தெருவில் போகிறவர்களின் கண்ணில் தான் படக்கூடாதென்று தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார்.

மாமியும் அவர் கணவரும் வருடாவருடம் மலேசியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வந்து எங்கள் மேல்மாடியில் தங்குவார்கள். மாமாவுக்குக் களப்புக் காற்றும் சூடை மீன் பொரியலும் இருந்தால் போதும். கடைசி முறை, இங்கேயே இருந்துவிட ஓய்வுகால விசாவுக்கு விண்ணப்பித்தார். மனைவி என்று மாமியின் பெயரும் அதில் சேர்ந்தது. மாமி குசினியில் மீன் பொரித்தபடி என்னிடம் முணுமுணுத்தார்: "வந்துட்டுப் போறதுன்னா சரிம்மா. சாகுற வரைக்கும் இங்கயா? எம் மகள யாரு பாக்குறது?" மாமாவிடம் மட்டும் அதைச் சொல்லவேயில்லை.

விண்ணப்பம் கொழும்பில் கிடக்கும்போதே, ஒருநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் இந்த ஊரிலேயே அடக்கியாயிற்று. மாமி கேற்றில் அந்தத் துணியைக் கட்டிவிட்டு, பிற ஆண்களின் கண்ணில் படாமல் இத்தா இருந்தார். கணவன் மௌத்தான வீட்டிலேயே நாலு மாதமும் பத்து நாளும் இருக்கவேண்டும். சுற்றுலா விசாவோ அதற்கு முன்பே முடிகிறது. இனி நீட்டவும் வழியில்லை. மார்க்கம் போகாதே என்றது, சட்டம் இருக்காதே என்றது. யாரோடு கோபிப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

"அவசியத்துக்குப் பகல்ல போகலாம், ராவைக்கு ஊட்டுக்கு வந்துரணும்" என்றார் மௌலவி. வேன் கண்ணாடிகளுக்குச் சீலை போட்டு மாமியைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். விசா அதிகாரி நல்ல மனிசன். மாமாவின் விண்ணப்பம் அவரோடு முடிந்தது, மாமி தன் பெயரில் புதிதாகக் கேட்டால் பதில் வரும்வரை இருக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். முதுமையை இந்த நாட்டிலேயே கழிக்க விருப்பமா என்றும் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமான்னு சொல்லும்மா" என்றார். வேறு என்னதான் சொல்வது?

இத்தா முடிந்தது. விசாவும் கிடைத்தது. பினாங்கிலிருந்து மகள் தினமும் போன் கோல் எடுக்கிறாள்.

"இனிப் போகலாம்தானே மாமி?"

"அவரு மௌத்தச் சொல்லிக் கேட்டு வாங்குன விசாம்மா. வாங்கிட்டுக் கெளம்பிட்டா, அன்னைக்குச் சொன்னது பொய்யாயிடும்ல?"



நேற்று அந்தத் துணியைக் கழற்றப் போனேன். "கெடக்கட்டும்" என்றார் மாமி. ஓரத்தை விலக்கிக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அவரு கேட்டது ரெண்டு பேருக்கும் கெடச்சிருச்சும்மா."