உண்மையான தேதி

கிள்ளானில் என் கடைக்குக் கல்யாண பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் தேதியைப் பொய்யாகத்தான் சொல்வார்கள். பதினைந்தாம் தேதி கல்யாணம் என்றால் எட்டாம் தேதி என்பார்கள். அது எனக்கும் தெரியும். எட்டு என்றால் பதினைந்து என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு துணியைத் தொடாமல் இருப்பேன். அடுத்த முறை ஒன்றாம் தேதி என்பார்கள். இப்படி ஊரும் நானும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு பல வருஷம் நன்றாகவே பிழைத்தோம். போன வருஷம் ஒரு பெண் உண்மையான தேதியைச் சொல்லித் தொலைத்தாள். நான் நம்பவில்லை. அவள் ரெடிமேட் பிளவுஸோடு மணவறையில் உட்கார்ந்தாள்.

செய்தி எங்கள் லிட்டில் இந்தியா கடைத்தெரு முழுக்கப் பரவியது. இன்னொரு முறை அப்படி ஆனால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். சோம்பேறி என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கெடு நெருங்கிவிட்டால் சோறு தண்ணி இல்லாமல் நான் தைக்கிற தையலை இந்த ஊரில் வேறு யார் தைக்கிறார்கள்? சோம்பேறித்தனம் இல்லையென்றால் இது என்னதான் என்று தெரிந்துகொள்ள, அந்தக் கோபத்தோடு கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மனநல டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன்.

பள்ளிக்கூட நாள்களிலிருந்து தோண்டித் தோண்டிக் கேட்டார். பிறகு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு என்றார்.

“நாப்பது தாண்டுன பிறகா டாக்டர் வரும்?”

“இப்ப வரலமா. சின்னதுலேருந்தே இருந்திருக்கு. யாரும் கவனிக்கல.”

“அப்ப ஸ்கேன் எடுத்துக் காட்டுங்க.”

“ஒருத்தரோட ஸ்கேன வச்சு இதச் சொல்ல முடியாது. நெறைய பேர சேத்துப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும்.”

மழுப்பாமல் பேசியது எனக்குப் பிடித்தது. மேலும் கேட்டேன். சிலர் இதை பிரேக் கோளாறு என்கிறார்களாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதிகளும் சேர்ந்து ‘இப்போது வேண்டாம்’ என்று தடுக்க வேண்டும். அந்தத் தடுப்பு பலவீனம். வேறு சிலர், காத்திருப்பதே இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு வேதனை என்கிறார்கள். தூரத்துப் பலனின் மதிப்பு இவர்களுக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. டோபமைன் என்ற ரசாயனத்துக்கும் இதில் பங்கு உண்டு. நேரத்தை அளக்கிற உணர்வே தடுமாறுகிறது என்பாரும் உண்டு.

“இதுல எது சரி?”

“எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் பொருந்தல.”

திரும்பும் ரயிலில் காத்திருப்பு பற்றிய அந்த இரண்டாவது விளக்கம் என்னை விடவில்லை. அடுத்த மாதக் கல்யாணம் எனக்குக் கல்யாணமே இல்லை. நாளைக் காலை என்றால்தான் கை அசையும். சரி, எல்லாவற்றையும் நாளைக் காலையாக மாற்றிவிடுகிறேன், யார் தடுக்கிறார்கள் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். டாக்டரம்மா மாத்திரையும் கொடுத்திருந்தார். அது என்னை நாற்காலியில் உட்கார வைத்தது. ஆனால் கத்தரியை எடுக்க வேண்டியவள் நான்தானே.

அந்த வாரமே பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து ஓர் அக்கா மகளோடு வந்தார். மகள்தான் கல்யாணப் பெண். அவளுக்கு மேரு என்ற ஊரில் தொழிற்சாலை வேலை.

“அக்கா, நெசமான தேதியச் சொல்லுங்க லா.”

“அடுத்த மாசம் பத்து. சத்தியமா.”

“சரி. பொண்ணு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வேல முடிஞ்சு இங்க வரணும். முடிச்ச வரைக்கும் போட்டுப் பாக்கணும்.”

“ஒரு பிளவுஸுக்கு இத்தனை தடவையா?”

“ஆமா. இல்லன்னா வேற கடை பாருங்க,” என்றேன்.

முதல் சனிக்கிழமை உடல் பகுதியைத் தற்காலிக ஓட்டுத்தையல் போட்டு வைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை கைகள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கழுத்து வேலைப்பாடு கிடக்கிறது, ஊசியைத் தொட மனம் வரவில்லை. டீ போட்டேன், அலமாரியை அடுக்கினேன், என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் பெண்ணுக்கு போன் செய்து, “நாளைக்கு நீ கண்டிப்பா வந்துடணும்மா” என்றேன். அவள் கண்ணாடி முன் வந்து நிற்கப் போகிறாள் என்றானதும் ஊசி ஓடியது.

பத்தாம் தேதிக்கு வெகு முன்பே பிளவுஸ் ஹேங்கரில் தொங்கியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, கோவிச்சுக்காத. கல்யாணம் பத்து இல்ல. முப்பது.”

“சத்தியம் பண்ணீங்களே!”

“உன் கதை தெரிஞ்சும் எப்படிம்மா நம்புறது?”

“அம்மாதான் ஆன்டி சொல்லக் கூடாதுன்னாங்க,” என்று பெண் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. போன வருஷம் உண்மையான தேதி சொன்ன பெண்ணை நானும்தான் நம்பவில்லை என்பது நினைவுக்கு வந்து இன்னும் எரிந்தது. அக்கா பையிலிருந்து பச்சைப் பட்டு பிளவுஸ் துணி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது எனக்கு. கல்யாணத்துக்குப் போடணும். முப்பதாம் தேதி. இதுக்கு மேல ஒளிக்க ஒண்ணும் இல்ல.”

கோபம் இன்னும் போகவில்லை. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன்.

“கையத் தூக்குங்கக்கா,” என்றேன். “சனிக்கிழம வந்து போட்டுப் பாக்கணும்.”